பிராஸ் குவின்டெட்டின் ஐந்து கலைஞர்களை மேடையில் எப்படி அறிமுகப்படுத்துவது?

கேள்வி: டொராண்டோவில் எங்கள் பகுதி அரங்கில் ஒரு பிராஸ் குவின்டெட் (பித்தளை ஊதுகருவிகள் வாசிக்கும் ஐவர் குழு) வாசிக்கப்போகிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் தொகுத்து வழங்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்பு ஆளுக்கு ஒரு பக்கம் வந்திருக்கிறது. மேற்கத்திய இசையில் எனக்குப் பெரிய பழக்கமில்லை. இவர்களை எப்படி அறிமுகம் செய்வது, எவ்வளவு நேரம் பேசலாம்?

பதில்:

முதலில் அந்த ஐந்து பக்கங்களையும் ஓரமாக வையுங்கள். இந்தக் குறிப்புகள் எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை: எங்கே படித்தார், யாரிடம் படித்தார், எந்தெந்த ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்தார், என்ன பரிசு வாங்கினார். ஐந்தையும் வரிசையாக வாசித்தால் எட்டு, பத்து நிமிடம் போய்விடும். மூன்றாவது ஆள் வருவதற்குள் முதல் ஆளின் பெயர் யாருக்கும் நினைவிருக்காது.

அதற்குப் பதிலாக ஒவ்வொருவரைப் பற்றியும் உங்களுக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இவர் பாதியில் எழுந்து போய்விட்டால் மீதி நால்வரும் என்ன பாடுபடுவார்கள்? அதற்கான விடைதான் அவருடைய அறிமுகம். பட்டம், பரிசில் ஏதாவது ஒன்றே ஒன்றைக் கூடவே சொல்லிக்கொள்ளலாம்.

அந்த விடையைச் சொல்ல, குழு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பிராஸ் குவின்டெட் என்பது இரண்டு டிரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு டிராம்போன், ஒரு டியூபா. ‘பேண்டு’ என்றதும் நம் கண்முன் வருவது கல்யாண ஊர்வலம். அங்கே ஒரே மெட்டை நாலு பேர் சேர்ந்து ஊதுவார்கள். ஒருவர் மூச்சு வாங்கினாலும் மெட்டு நிற்காது. குவின்டெட்டில் ஐந்து பேருக்கும் ஐந்து தனித்தனி வரி. ஒரு வரிக்கு ஒரே ஆள், கை அசைத்து நடத்த ஒருவரும் கிடையாது. ‘சேம்பர்’ இசை என்று சொல்வதன் பொருள் இதுதான். ஒருவர் ஒரு ஸ்வரத்தை விட்டால் அந்த இடத்தில் ஓட்டை தெரியும்.

ஐந்து கருவிக்கும் பொதுவானது உதடு. நாகஸ்வரத்தில் சீவாளி செய்யும் வேலையை இங்கே உதடு செய்கிறது. உதட்டை மூடி, ஊதுவாயில் வைத்து, காற்றை அழுத்தினால் அது அதிர்கிறது. மீதிக் குழாய் முழுக்க அந்த அதிர்வை வடிகட்டிப் பெருக்குவதற்குத்தான். முதல் டிரம்பெட் உச்சியில் வாசிக்கும்போது அவர் உதடு நொடிக்கு 900 முறைக்கு மேல் அதிரும். டியூபா அடியில் ஒரு ஸ்வரத்தைப் பிடிக்கும்போது நொடிக்கு 58 முறை. சீவாளி கெட்டால் வேறு மாற்றிக்கொள்ளலாம். உதட்டை மாற்ற முடியாது. அதற்கு ஒரே மருந்து ஓய்வு. உங்கள் வேலை இங்கேதான் உள்ளே வருகிறது. பியானோ கச்சேரியில் தொகுப்பாளர் வாயைத் திறக்காவிட்டாலும் ஒன்றும் குறையாது. பிராஸ் கச்சேரியில் நீங்கள் பேசும் ஒரு நிமிடம், ஐந்து பேருடைய உதட்டுக்கும் ரத்தம் திரும்ப ஓடும் நேரம்.

உங்கள் ஊரிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. கனேடியன் பிராஸ் குழுவை 1970-ல் டொராண்டோவில் தொடங்கியவர்கள் டிராம்போன் கலைஞர் ஜீன் வாட்ஸும் டியூபா கலைஞர் சக் டேலன்பாக்கும். கருப்புக் கோட்டும் வெள்ளை ஸ்னீக்கருமாக மேடையேறி, படைப்புகளுக்கு நடுவே தாங்களே மைக்கில் பேசிச் சிரிக்கவைத்தது அவர்களுடைய அடையாளமாகிவிட்டது. வேடிக்கைக்காகச் செய்கிறார்கள் என்றுதான் அரங்கம் நினைக்கும். வேடிக்கைதான், ஆனால் ஒருவர் பேசும்போது மற்ற நால்வரின் உதடும் ஆறுகிறது.

ஓய்வுக்கும் அளவு உண்டு. இரண்டு நிமிடத்தைத் தாண்டிப் பேசினால் கருவி ஆறிவிடும். குழாய்க்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கும். பெரிய குழாயும் சின்னக் குழாயும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை என்பதால் ஐவரும் ஒரே அளவில் இறங்கவும் மாட்டார்கள். அடுத்த படைப்பின் முதல் பத்து வினாடி கரகரக்கும். என் கணக்கு இப்படி: ஆரம்ப வரவேற்பு 90 வினாடி, அதன்பின் ஒவ்வொரு படைப்புக்கும் முன்னால் 45 முதல் 60 வினாடி. ஐந்து பேரையும் ஆரம்பத்திலேயே மொத்தமாக அறிமுகம் செய்து தீர்த்துவிடாதீர்கள். தொடக்கத்தில் பெயரும் கருவியும் மட்டும் போதும். அதன்பின், எந்தப் படைப்பில் யாருக்கு முக்கியமான இடம் வருகிறதோ, அதற்கு முன்னால் அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

இரண்டு மொழி என்பதால் ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை சொன்னால் 60 வினாடி 120 ஆகிவிடும். கலைஞர் பெயரையும் ‘எதைக் கேட்க வேண்டும்’ என்பதையும் மட்டும் இரண்டு மொழியிலும் சொல்லுங்கள். வரலாறு, துணுக்கு எல்லாம் ஏதாவது ஒரு மொழியில் போதும், அதையும் மாறி மாறிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இனி ஐந்து நாற்காலிகள்.

முதல் டிரம்பெட். பெரும்பாலான இடங்களில் மெட்டு இவரிடம் இருக்கும். ஆனால் மற்றவர்கள் இவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதுமட்டுமில்லை. படைப்பைத் தொடங்கும் சைகை பெரும்பாலும் இவருடையது. கருவியை லேசாகத் தூக்கி, வரப்போகும் தாளத்தின் வேகத்திலேயே ஒரு மூச்சு இழுப்பார். ஐந்து பேரும் அதே மூச்சை இழுத்து ஒன்றாக இறங்குவார்கள். ‘முதல் ஸ்வரத்துக்கு முன் வரும் மூச்சைக் கவனியுங்கள்’ என்று அரங்கத்துக்குச் சொன்னால் போதும், அன்று முழுக்க அவர்கள் அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இவர் காலடியில் மூன்று நான்கு டிரம்பெட்டுகள் ஸ்டாண்டில் நிற்கும். வழக்கமான பி ஃபிளாட் (மேற்கத்திய ஸ்வரம் ஒன்றின் பெயர்) டிரம்பெட்டின் குழாய் சுமார் 1.48 மீட்டர். பக்கத்தில் இருக்கும் சின்னது பிக்கலோ டிரம்பெட், அதன் நீளம் இதில் பாதி. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் காலத்து உயரமான வரிகளுக்கு அது வேண்டும். அதை எடுத்தால் எட்டாத ஸ்வரமெல்லாம் எட்டிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எட்டுவதென்னவோ உதட்டைப் பொறுத்ததுதான். சின்னக் கருவியில் அந்த உயரத்தில் குறி தப்புவது குறையும், ஒலியும் மெல்லியதாக இருக்கும். பெரிய மணிவாயும் (குழாயின் விரிந்த முனை) பஞ்சு போன்ற ஒலியும் உள்ளது ஃப்ளூகல்ஹார்ன்.

இரண்டாம் டிரம்பெட். ‘இரண்டாம்’ என்பது வரியின் எண், தகுதியின் எண் இல்லை. இதைத் தொகுப்பாளர்கள் தெரியாமல் ‘துணை டிரம்பெட்’ என்று சொல்லி முகம் கோணவைப்பதுண்டு. சில குழுக்களில் இருவரும் படைப்புக்குப் படைப்பு இடம் மாறிக்கொள்வார்கள். யார் எதில் முதல் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இவர் வேலை ஒருவகையில் கடினமானது: முதல்வருடைய ஒலி நிறத்தை அப்படியே பிரதி எடுக்க வேண்டும், ஒரே ஸ்வரத்தில் சேரும்போது இரண்டு கருவி என்றே தெரியக்கூடாது, அடுத்த நொடியில் எதிர்க்கட்சியாக மாறிப் பதில் சொல்ல வேண்டும். பல குழுக்களில் இரண்டு டிரம்பெட்டும் அரைவட்டத்தின் இரண்டு முனையில் எதிரெதிராக அமர்வது இந்தக் கேள்வி-பதிலுக்காகத்தான். அரங்கத்தின் இடது காதிலும் வலது காதிலும் மாறி மாறி விழும்.

ஹார்ன். இதைப்பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அரங்கத்துக்கு மிகக் குறைவாகப் புரிவது இந்தக் கருவிதான். முதலில் பெயர். பொதுமக்கள் ‘பிரெஞ்ச் ஹார்ன்’ என்பார்கள். வாசிப்பவர்கள் வெறும் ‘ஹார்ன்’ என்பார்கள். சர்வதேச ஹார்ன் சங்கமே 1971-ல் அந்தப் பெயரைத்தான் பரிந்துரைத்தது. நீங்களும் ஹார்ன் என்றே சொல்லுங்கள்.

மற்ற நால்வரின் மணிவாய் முன்னாலோ மேலோ பார்க்கும். ஹார்னுடையது மட்டும் பின்னால் பார்க்கும், அதற்குள் வாசிப்பவரின் வலது கை இருக்கும். வால்வுகளை (விரலால் அழுத்திக் குழாயின் நீளத்தை மாற்றும் விசைகளை) இயக்குவது இடது கை. வலது கையைக் கொஞ்சம் மூடினால் ஒலி மங்கும், சுருதியும் நகரும். முழுக்க அடைத்தால் தகரம் போல் ஒரு கூர்மையான ஒலி வரும். ஒலி பின் சுவரில் பட்டுத்தான் அரங்கத்துக்கு வருகிறது. இதனால் ஏற்பாட்டாளருக்கு ஒரு வேலை: ஹார்ன் கலைஞருக்குப் பின்னால் கனமான வெல்வெட் திரை தொங்கினால் பாதி ஒலியை அது தின்றுவிடும். திரையை ஒதுக்கிவிட்டு மரப்பலகையோ வெறும் சுவரோ இருக்கும்படி செய்யுங்கள்.

அடுத்தது ஹார்ன் ஏன் ‘தவறுகிறது’ என்பது. கோவில் கொம்புக்கு வால்வு கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் சில ஸ்வரங்களை மட்டுமே எடுக்கலாம், அந்த ஸ்வரங்களும் அடியில் தள்ளித் தள்ளி நிற்கும். மேலே போகப் போக நெருங்கிக்கொண்டே வரும். ஹார்னின் எஃப் பகுதிக் குழாய் சுமார் 3.7 மீட்டர். இவ்வளவு நீளக் குழாயில், டிரம்பெட்டுக்கு அருகில் வரும் உயரத்தில் வாசிக்கிறார்கள். அந்த உயரத்தில் பக்கத்து ஸ்வரங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். உதடு முடியளவு தவறினாலும் வேறு ஸ்வரத்தில் போய் விழும். அதற்காகத்தான் இப்போதைய ஹார்னுக்குள் இரண்டு கருவி இருக்கிறது; கட்டைவிரல் வால்வை அழுத்தினால் சுமார் 2.7 மீட்டர் நீளமுள்ள பி ஃபிளாட் பகுதிக்கு மாறிக்கொள்ளலாம், ஸ்வரங்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி கிடைக்கும்.

குழுவில் ஹார்னின் இடம் நடு. மேலே இரண்டு டிரம்பெட், கீழே இரண்டு பெரிய குழாய். நேராக முன்னால் பாயும் அந்த ஒலிகளை ஒட்டவைக்கும் பசை இதுதான். ஹார்ன் இல்லாமல் மீதி நால்வரை மட்டும் கேட்டால் நடுவில் சுவரில்லாத வீடு போலிருக்கும்.

டிராம்போன். ஐந்தில் இது ஒன்றுக்குத்தான் வால்வுக்குப் பதில் சறுக்குக் குழாய். ஏழு நிலைகள் உண்டு, அவற்றுக்குக் கோடு எதுவும் போட்டிருக்காது. வீணையின் தண்டிலுள்ள பித்தளை மெட்டுகளைக் கழற்றிவிட்டால் எப்படியோ அப்படி. காதும் கையும் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும். லாபம், சுருதியை இழையளவுக்குத் திருத்தலாம். நஷ்டம், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைத்துப் போனால் நடுவில் உள்ளதெல்லாம் கேட்டுவிடும். அது கேட்காமலிருக்க, சறுக்கும் அந்தக் கணத்தில் நாக்கால் மெதுவாக ஒரு தட்டு. ‘இழைப்பு போலக் கேட்கிறதே, அதற்குள் எத்தனை நாக்குத் தட்டல் ஒளிந்திருக்கிறது பாருங்கள்’ என்று சொல்லலாம். இவருக்கு முன்னால் இடம் விடுங்கள்: கடைசி நிலையில் சறுக்குக் குழாய் அரை மீட்டருக்கு மேல் முன்னால் நீளும். தொகுப்பாளரின் மைக் ஸ்டாண்டை அங்கே விட்டுவிட்டுப் போனால் நசுங்குவது குழாய்தான். சறுக்குக் குழாயில் சின்ன நெளிவு விழுந்தாலும் அன்றைய கச்சேரி போச்சு.

டியூபா. மூத்த கருவி என்று எல்லோரும் நினைப்பார்கள்; உண்மையில் ஐந்தில் கடைசியாகப் பிறந்தது. பெர்லினில் வில்ஹெல்ம் வீப்ரெக்டும் யோஹான் மோரிட்ஸும் 1835-ல் காப்புரிமை பெற்றார்கள். சி டியூபாவின் குழாயை நீட்டினால் வால்வுகளைச் சேர்க்காமலே கிட்டத்தட்ட ஐந்து மீட்டர். இத்தனை குழாயை நிரப்ப வேண்டியிருப்பதால், ஐந்து பேரில் அடிக்கடி மூச்சு வாங்குபவர் இவர்தான். ஆனால் தாளத்தின் அடித்தளம் இவரிடம் இருப்பதால் மூச்சு வாங்கியது தெரியவும் கூடாது. எங்கே ஒரு சின்ன ஸ்வரத்தை விட்டுக்கொடுத்து மூச்சு எடுப்பது என்று பென்சிலால் குறித்துவைத்திருப்பார். சுருதியிலும் இவர்தான் தரை. மேலே உள்ள நால்வரும் தங்களை இவரோடு ஒப்பிட்டுத்தான் சரிசெய்துகொள்கிறார்கள்.

டியூபாவுக்குப் பதிலாக பாஸ் டிராம்போன் வைத்துக்கொள்ளும் குழுக்களும் உண்டு. 1960-ல் தொடங்கிய அமெரிக்கன் பிராஸ் குவின்டெட் அப்படித்தான். அடிவரி கோடு கிழித்தது போல் தெளிவாக வரும், மேலே விரியும் அந்த உருண்டை ஒலி இருக்காது. உங்கள் குழுவில் எது வருகிறது என்று கேட்காமல் ‘டியூபா’ என்று அச்சடித்துவிடாதீர்கள்.

இந்த ஐவரையும் அரங்கத்துக்கு ஒரே நிமிடத்தில் காட்ட ஒரு வழி இருக்கிறது. குழுவிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கிவிட்டுச் செய்யுங்கள். அடுக்கு ஒன்றைக் கீழிருந்து கட்டுவது. முதலில் டியூபா பி ஃபிளாட்டைப் பிடிக்கும். அதை ஸட்ஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து டிராம்போன் அதன் பஞ்சமம். பிறகு இரண்டாம் டிரம்பெட் மேல் ஸட்ஜம், முதல் டிரம்பெட் மேல் பஞ்சமம். இப்போது நாலு பேர் வாசிக்கிறார்கள், ஒலி பெரிதாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே காலி. கடைசியாக ஹார்ன் நடுவில் அந்தர காந்தாரத்தை வைக்கும். அரங்கத்தில் எவ்வளவு இசையறியாதவர் இருந்தாலும் அந்தக் கணத்தில் முகம் மாறும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் அந்தக் காந்தாரம். பியானோவில் இருக்கும் காந்தாரத்தை அப்படியே வாசித்தால் அடுக்கு இலேசாக நடுங்கும். அரை ஸ்வரத்தை நூறு பங்காகப் பிரித்தால், பியானோ காந்தாரத்தைவிட 14 பங்கு கீழே இறக்கியதும் நடுக்கம் நின்று ஒலி பூட்டிக்கொள்ளும். தம்புராவின் மந்திரத் தந்தியை மீட்டிவிட்டுக் காத்திருந்தால் தானாகக் கேட்குமே ஒரு காந்தாரம், அதே இடம்தான். எனவே ஹார்ன் கலைஞரிடம், முதலில் பியானோ இடத்தில் பிடித்துவிட்டுப் பிறகு மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். தமிழ்க் காதுகளுக்கு இதைவிட நல்ல அறிமுகம் கிடையாது. மொத்தம் 20 வினாடி. இரண்டு விஷயம் தவறாகப் போகும். ஒன்று, அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் பேச ஆசைப்படுவது. ஒரு வார்த்தையும் கேட்காது, அவர்கள் மூச்சும் தீர்ந்துவிடும். முன்னால் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இன்னொன்று, சத்தமாக வாசிக்கச் சொல்வது; மெதுவாக வாசித்தால்தான் அந்தப் பூட்டு கேட்கும். கச்சேரியின் முதல் படைப்புக்கு முன்னால் இதைச் செய்யவே வேண்டாம். கருவி சூடாகியிருக்காது, சுருதி நிற்காது. இரண்டாவது அல்லது மூன்றாவது இடைவெளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிரலில் என்ன படைப்புகள் வருகின்றன என்று பாருங்கள், ஒவ்வொன்றும் யாரையாவது அறிமுகம் செய்யக் கதவு திறந்துவைத்திருக்கும். மாதிரிக்கு ஒன்று. விக்டர் எவால்டின் முதல் குவின்டெட், பி ஃபிளாட் மைனர், இந்தக் குழுக்களின் நிரலில் அடிக்கடி வருவது. அதற்கு முன் வழக்கமாகக் கேட்கும் அறிமுகம் இது: ‘அடுத்து டியூபா கலைஞர் இன்னார். இன்ன பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர், இன்னின்ன ஆர்க்கெஸ்ட்ராக்களில் பங்கேற்றவர், இன்ன விருது பெற்றவர்.’ இதில் டியூபாவை எடுத்துவிட்டு வயலின் என்று போட்டாலும் ஒன்றும் மாறாது. நான் எழுதுவதாக இருந்தால் இப்படி:

‘இப்போது வரும் படைப்பை எழுதிய விக்டர் எவால்ட், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சிவில் இன்ஜினியரிங் பேராசிரியர். நாள் முழுக்கக் கட்டடம் பற்றிப் பாடம், மாலையில் நண்பர்களோடு இசை. கட்டடம் கட்டுகிறவர் அல்லவா, அடித்தளத்திலிருந்து தொடங்குகிறார்: மெட்டை எடுத்துக் கொடுப்பது டியூபா. வாசிப்பவர் இன்னார். அவர் மடியில் இருப்பது ஐந்து மீட்டர் குழாய். அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள்.’

நிதானமாகச் சொன்னாலும் 40 வினாடிக்குள் முடியும். அரங்கம் டியூபாவையே பார்த்துக்கொண்டிருக்கும், அடுத்த நொடி டியூபா தொடங்கும். அறிமுகமும் இசையும் ஒட்டிக்கொள்ளும்.

ஆங்கில இசையமைப்பாளர் மால்கம் ஆர்னால்டின் 1961 குவின்டெட் நிரலில் இருந்தால் டிரம்பெட் இருவரையும் அங்கே சொல்லுங்கள். ஆர்னால்ட் லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்பெட் வாசித்தவர். எது கை வலிக்கும், எது உதடு வலிக்கும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார். அது நியூயார்க் பிராஸ் குவின்டெட்டுக்காக எழுதியது. 1954-ல் டிரம்பெட் கலைஞர் ராபர்ட் நேகலும் டியூபா கலைஞர் ஹார்வி ஃபிலிப்ஸும் நடத்திய அந்தக் குழுவிலிருந்துதான் இன்று நாம் பார்க்கும் ஐவர் அமைப்பு ஊர் ஊராகப் பரவியது. பழைய படைப்பு வேண்டுமென்றால் யோஹான் பெட்ஸலுடையது வரும். 1670-ல் அவர் வெளியிட்ட தொகுப்பின் தலைப்பிலேயே ‘பத்து மணி’ என்று இருக்கிறது: லைப்சிக் நகரத்தின் ஊதுகலைஞர்கள் தினமும் பத்து மணிக்குக் கோபுரத்திலிருந்து வாசித்த இசை அது. அவர் ஐந்து வரிக்கு எழுதியபோது மேல்வரிகளுக்குக் கார்னெட் என்ற, துளைகளுள்ள மரக் குழலும், கீழ்வரிகளுக்கு டிராம்போனும் இருந்தன. அன்றைய டிரம்பெட்டுக்கு வால்வு கிடையாது; நம் எக்காளம் போலத்தான், எல்லா ஸ்வரமும் எடுக்க வராது. வால்வுக்கு ஷ்டோல்ட்ஸல், ப்ளூமல் என்ற இரு ஜெர்மானியர்கள் காப்புரிமை வாங்கியது 1818-ல். அதன் பிறகுதான் டிரம்பெட்டும் ஹார்னும் எந்த மெட்டையும் தாராளமாக வாசிக்கும் கருவிகளாயின. இந்த வரலாறு டிராம்போன் கலைஞரை அறிமுகம் செய்ய நல்ல இடம்: ஐவரில் பெட்ஸல் காலத்திலிருந்து அடிப்படை மாறாமல் வந்திருப்பது அவர் கருவி ஒன்றுதான்.

கலைஞர்களிடம் முன்கூட்டியே கேட்டுவாங்க வேண்டியது அதிகமில்லை. பெயரை அவர்களே சொல்லி ஒலிப்பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தைப் பார்த்து உச்சரித்தால் ஐந்தில் இரண்டு நிச்சயம் தவறும். அந்தப் பெயரைத் தமிழ் எழுத்தில் உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு என்னென்ன கருவிகள் கொண்டுவருகிறார்கள், எந்தப் படைப்பில் எந்த இடம் தங்களுக்குப் பிடித்தது அல்லது பயம், இந்த இரண்டையும் கேளுங்கள். ‘பயம்’ என்ற கேள்விக்குத்தான் நல்ல பதில் வரும். ஆனால் அதை மேடையில் சொல்வதற்கு முன் அனுமதி வாங்குங்கள். ‘இப்போது ஹார்னுக்கு மிகக் கடினமான உயர்ந்த ஸ்வரம் வருகிறது’ என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போக, அது அன்று தவறினால் அந்த மனிதர் என்ன செய்வார்?

சின்னச் சின்ன விஷயங்கள் சில. சாக்ஸபோன் பளபளவென்று உலோகத்தில் இருந்தாலும் பிராஸ் குடும்பத்தில் சேராது. அதற்கு நாணல் உண்டு. ‘சாக்ஸபோன் போன்ற பித்தளைக் கருவிகள்’ என்று வாய் தவறிவிட வேண்டாம். நடுவில் அவர்கள் கருவியிலிருந்து தண்ணீர் வடிப்பார்கள், முன்வரிசைக் குழந்தைகள் ‘எச்சில்’ என்று கத்தும். பெரும்பாலும் அது மூச்சின் ஈரம். குளிர்ந்த டம்ளரின் வெளிப்புறத்தில் நீர் கோர்ப்பதுபோல உலோகத்தின் உட்புறத்தில் கோர்ப்பது. அது தேங்கினால் ஒலி குமிழியிடும். ஒரு வரியில் சொல்லிவிட்டால் சிரிப்போடு முடிந்துவிடும். ஹார்ன் கலைஞர் மட்டும் கருவியையே ஸ்டியரிங் போலச் சுற்றிக் கவிழ்ப்பார், அது ஏதோ வித்தை என்று கைதட்டுகிறவர்களும் உண்டு. தரையில் ஆளுக்கொரு பழைய துண்டு போட்டுவையுங்கள்.

விருந்தோம்பலில் நம்மவர்கள் செய்யும் இரண்டு தவறுகளைத் தடுப்பதும் உங்கள் பொறுப்பு. இடைவேளையில் லட்டும் பால் டீயும் நீட்டாதீர்கள். வாயிலுள்ள சர்க்கரை மூச்சோடு குழாய்க்குள் போய் வால்வில் ஒட்டும். இரண்டாம் பாதியில் வால்வு பாதியில் நின்றுகொள்ளும். இடைவேளையில் தண்ணீர் மட்டும். சாப்பாடு எல்லாம் கச்சேரி முடிந்த பிறகு. இரண்டாவது, பொன்னாடை, பூங்கொத்து, நினைவுப் பரிசு, பிரமுகர் உரை. இவை கச்சேரியின் கடைசியில் வரட்டும். முடியாது என்றால், கலைஞர்கள் ஊதிப் பழகிச் சூடாகும் முன்பே உரைகள் முடிந்துவிட வேண்டும். 15 நிமிடம் சூடுபடுத்திவிட்டு வந்தவர்களைத் திரைக்குப் பின்னால் 20 நிமிடம் நிற்கவைத்தால் உதடும் கருவியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மேடையில் நீங்கள் நிற்கும் இடம் அரைவட்டத்தின் ஓரம். கையில் பிடிக்கும் மைக்காக இருந்தால் நல்லது, பேசி முடித்ததும் அணைத்து எடுத்துக்கொண்டே போய்விடலாம். டிரம்பெட்டின் ஒலி மணிவாய் பார்க்கும் திசையில் அம்பு மாதிரி போகும். அந்தக் கோட்டில் திறந்த மைக் இருந்தால் அரங்கின் ஸ்பீக்கர் வழியே ஒரு டிரம்பெட் மட்டும் பூதாகாரமாகக் கேட்கும்.

பேசும்போது அவர்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள். யாராவது குழாயைக் கழற்றித் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தாலோ, மியூட்டை (ஒலியை மாற்ற மணிவாயில் செருகும் அடைப்பை) தேடிக்கொண்டிருந்தாலோ இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்காகக் கையில் ஒரு துணுக்கு உபரியாக வைத்திருங்கள். ஐவரும் கருவியை மடியில் நிறுத்தி உங்களையே பார்க்கிறார்கள் என்றால் நேரம் முடிந்துவிட்டது. முதல் டிரம்பெட் கருவியைத் தூக்கிவிட்டாரென்றால் வாக்கியத்தைப் பாதியில் விட்டாலும் பரவாயில்லை, நகர்ந்துவிடுங்கள்.